ஓர் ஏகாரம்

அயல்நாட்டிலிருந்து தொண்டு செய்ய வரும் மாணவி ஒருவரை வீட்டில் தங்கவைக்க யார் முன்வருகிறீர்கள் என்று எங்கள் இளைஞர் பரிமாற்றச் சங்கத்தின் கூட்டத்தில் கேட்டபோது, கை தூக்கியவள் நானல்ல. எனக்குப் பின்வரிசையில் அமர்ந்திருந்தவர் சோம்பல் முறித்தார். ஒருங்கிணைப்பாளர் அந்தக் கையை என்னுடையது என்று எண்ணி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். அத்தனை பேர் கைதட்டிய பிறகு இல்லையென்று மறுப்பது மரியாதையாக இராது என்று பேசாமல் இருந்துவிட்டேன். இன்று எண்ணிப் பார்க்கையில், அந்த முகம் தெரியாத சோம்பலுக்கு நான் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அந்த மாணவி எங்கள் வீட்டிற்கு வந்த அன்று, நுழையும்போதே வாசல் நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். அத்தனை உயரம்.

"ஐயையோ, இடிச்சுக்கிட்டியாம்மா?" என்று அம்மா பதறி ஓடினார்.

"மன்னிக்கவும். தங்கள் கதவிற்குச் சேதம் ஒன்றும் இல்லையே?" என்றார் அவர்.

பல மாதங்கள் நூல் வழியாகவே நம் மொழியைக் கற்றவர். அவருடைய பேச்சில் ஒற்று மிகும் இடம்கூடத் தெளிவாகக் கேட்டது. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் என் அப்பா, தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "முக்கியச் செய்தி இவ்வளவுதானா, இல்ல வானிலை அறிக்கையும் இருக்கா?" என்று என் காதோடு கேட்டார். அம்மா அவரை முறைத்தார்.

அந்த மாணவி என்னைவிட ஒரு வயது மூத்தவர் என்று தெரிந்ததும் அம்மா முடிவு செய்துவிட்டார். "அப்போ அவ பெரியவ, நீ சின்னவ. முடிஞ்சு போச்சு." அதுவரை நான் வீட்டிற்கு ஒரே பிள்ளை. அன்று முதல் அவர் எங்கள் வீட்டில் 'பெரியவள்' ஆனாள். மரியாதைப் பன்மையை விடச் சொல்லி அவளே என்னை வற்புறுத்தியதால்தான் இங்கும் அவ்வாறே எழுதத் துணிகிறேன்.

பெரியவள் எதற்கும் நன்றி சொல்லும் வழக்கம் உடையவள். அம்மாவால் அதைத் தாங்க இயலவில்லை.

"ஏண்டி சின்னவளே, தண்ணி குடுத்தா நன்றி, துண்டு குடுத்தா மிக்க நன்றி, கொஞ்சம் நகந்து வழி விட்டா மனமார்ந்த நன்றி. நம்ம வீட்டுல என்ன பரிசளிப்பு விழாவா நடக்குது?"

பெரியவளிடம் நேரே அவ்வாறு சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. ஆகவே ஒவ்வொரு நன்றிக்கும் கையை வீசி, "பரவாயில்ல, பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவள் அந்தச் சொல்லின் பொருளைக் கேட்டாள். அம்மா சற்று யோசித்து, "அது ஒண்ணும் பெரிசில்ல, விட்டுத் தள்ளுன்னு அர்த்தம்மா" என்றார்.

அந்தப் பொருள் அவளுக்கு எங்கும் பொருந்தி வந்தது. பஸ்ஸில் ஒருவரின் காலை மிதித்தபோது அவர் "பரவாயில்லம்மா" என்றார். குவளை கவிழ்ந்து மேசையெல்லாம் நீரானபோது அப்பா "பரவாயில்ல" என்றார். புதிய சொல்லொன்று இவ்வளவு விரைவில் கைவசமானதில் அவளுக்கு அளவற்ற மகிழ்ச்சி.

அவள் தொண்டு செய்ய வந்த இடம், தாமாக உட்கார இயலாத குழந்தைகளுக்கு இருக்கை செய்து தரும் ஒரு பட்டறை. முன்பு கிடங்காக இருந்த நீண்ட அறை அது. ஒரு சுவரெங்கும் பிளைவுட் பலகைகள் சாத்தியிருக்கும். நடுவில் மேசை, மூலையில் நுரைப்பஞ்சுச் சுருள்கள், ஜன்னலோரம் தையல் மிஷின். குழந்தையின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை, முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்து, அந்த ஒரு குழந்தைக்கே பொருந்தும்படி பலகை அறுத்துத் திருகாணியால் பூட்ட வேண்டும். பெரியவள் தன் நாட்டில் மரச்சாமான் வடிவமைப்புப் படிப்பவள். ஆகவே அந்த வேலையை அவளிடமே ஒப்படைத்தார்கள்.

பூட்டிய இருக்கைக்கு உறை தைப்பவரை எல்லோரும் தையலக்கா என்றே அழைத்தார்கள். வாய் ஓயாதவர். எந்த இருக்கையும் அவருடைய உள்ளங்கை அழுத்திப் பார்க்காமல் வெளியே போகாது. முதல் வாரம் நான் பெரியவளுக்குத் துணையாகச் சென்று வந்தேன். பிறகு எனக்குத் தேர்வுகள் வந்தன.

தேர்வு மும்முரத்தில் இருந்த எனக்குப் பெரியவளின் பேச்சு குறைந்துவருவது தாமதமாகத்தான் தெரிந்தது. பட்டறையில் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "அனைவரும் நல்லவர்கள்" என்பாள். அதற்கு மேல் துருவிக் கேட்பது நாகரிகமல்ல என்று நானும் விட்டுவிடுவேன்.

அப்படியிருக்கையில் ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, உங்க வீட்டுல ஏதாவது பிரச்சினையா? அவங்க சீக்கிரமே ஊருக்குத் திரும்பணும்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் மாத்தித் தரச் சொல்லியிருக்காங்க."

"எப்போங்க ஐயா மாத்தப்போறீங்க?" என்றேன்.

"நாளைக்குச் சாயங்காலம் மாத்திடுவேன். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல. பேசிப் பாரும்மா."

அன்று இரவு உணவின்போது பெரியவளே செய்தியைச் சொன்னாள். "நான் வெள்ளிக்கிழமை புறப்பட அனுமதி கேட்டுள்ளேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "காரமா சமைச்சுட்டேனா? நேத்தே நினைச்சேன், கண்ணு கலங்கிச்சு."

"என் கிண்டல்தான் காரணம்" என்றார் அப்பா. "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"உங்க வாய் என்னிக்கு சும்மா இருந்திருக்கு?"

பெரியவள் இருவரையும் கையமர்த்தினாள். "இல்லை, இல்லை. இங்கு அனைவரும் என்னிடம் மிகுந்த அன்புடன் இருக்கிறீர்கள். அதனால்தான் செல்கிறேன். பட்டறையில் என் வேலை எவருக்கும் பயன்படவில்லை. ஆயினும் ஒருவரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த அன்பை வீணாக்க எனக்கு உரிமை இல்லை."

சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தாள். அக்கா என்று அழைக்க எனக்கு ஒருத்தி கிடைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. வெள்ளிக்கிழமையோ நாளை மறுநாள்.

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் அவளுடன் பட்டறைக்குச் சென்றேன். என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவள் கடைசியாக ஒரு சிறுமிக்குச் செய்துகொண்டிருந்த இருக்கையில் கைவைத்ததும், தையலக்கா என்னை மிஷின் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நல்லவேளை வந்தே. உன் அக்காகிட்ட கொஞ்சம் சொல்லும்மா. கை என்னமோ தங்கமான கை. ஆனா ஒரு நாற்காலியைக்கூட விட்டு வைக்க மாட்டேங்கறா."

"புரியலைங்க அக்கா."

"செஞ்சு முடிக்கறா. நான் பாக்கறேன். அருமையா இருக்கு. உறை தைக்கலாம்னு துணியை எடுத்துட்டுத் திரும்பினா, மடமடன்னு திருகாணி எல்லாத்தையும் கழட்டி, பலகையைச் சுவத்துல சாத்திட்டு, மறுபடி முதல்லேருந்து அளக்கறா!"

"ஏன்னு நீங்க கேக்கலையா?"

"எப்படிக் கேக்கறது? கடல் தாண்டி வந்த பொண்ணு. அவங்க ஊர்ல அவ்வளவு சுத்தமா செய்வாங்க போல, நமக்குத்தான் அந்த அளவுக்குக் கண்ணு இல்லைன்னு நினைச்சேன். கேட்டு, அது மனசு நொந்துபோச்சுன்னா?"

ஜன்னலுக்கு அருகே ஒரு பெண்மணி தம் மகளை மடியில் கிடத்திக்கொண்டு காத்திருந்தார். சிறுமிக்கு நான்கு வயது இருக்கலாம். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தாயின் தோளோ மடியோ இல்லையென்றால் அவள் படுத்துத்தான் இருக்க வேண்டும்.

"நீங்க எப்பலேருந்து வந்துட்டிருக்கீங்க?" என்று அவரைக் கேட்டேன்.

"ரெண்டு மூணு தடவை வந்துட்டோம்மா. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதுன்னு சொல்றாங்க, அப்புறம் இல்லைங்கறாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம், அந்தப் பொண்ணும் எவ்வளவு சிரமப்படுது. நாம போய் அவசரப்படுத்தினா நல்லா இருக்குமா?"

இப்படியாக அந்த அறையில் ஒருவர் மனம் ஒருவரால் நோகக்கூடாது என்று எல்லோருமே வாய் திறவாமல் இருந்திருக்கிறார்கள். என்னையும் சேர்த்துத்தான்.

நண்பகலுக்குச் சற்று முன்பு பெரியவள் வேலையை முடித்தாள். கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவளைப்போல் நின்றாள். தையலக்கா எழுந்து வந்தார். உட்காரும் பலகையை அழுத்தினார். சாய்மானத்தை ஆட்டிப் பார்த்தார், அது அசையவில்லை. கழுத்துக்கு அணையாக வளைத்திருந்த இடத்தில் விரலை ஓட்டினார். ஒரு சுற்றுச் சுற்றி வந்து, புருவத்தை உயர்த்தி, "ம்... பரவாயில்லையே!" என்றார்.

பெரியவளின் முகம் சுருங்கியது. குனிந்து திருப்புளியை எடுத்து, சற்றுமுன் முடுக்கிய அதே திருகாணியில் வைத்தாள்.

எனக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில், வாழ்நாளில் முதன்முறையாகப் பொது இடத்தில் கத்தினேன்.

"ஐயோ, நிறுத்துக்கா!"

மிஷின், ரம்பம், பேச்சு எல்லாம் நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அவள் கையிலிருந்து திருப்புளியை வாங்கிக்கொண்டேன்.

"இப்போ இவங்க என்ன சொன்னாங்க?"

"விட்டுத் தள்ளு என்றார்" என்றாள் பெரியவள். "ஒவ்வொரு முறையும் அவ்வாறே சொல்கிறார். என் வேலை தவறு, ஆயினும் வருந்த வேண்டாம் என்கிறார். மிகவும் பண்பானவர்."

தையலக்கா நெஞ்சில் கைவைத்தார். "அடிப்பாவி மகளே! நான் உன்னைப் புகழ்ந்தேன்டி!"

"புகழ்ந்தீர்களா?"

"பின்ன? இவ்வளவு நல்லா செஞ்சிருக்காளே, நான் எதிர்பாக்கவே இல்லையேன்னு அசந்துபோய்ச் சொன்னேன்!"

"அவ்வாறெனில் 'நன்றாக உள்ளது' என ஏன் சொல்லவில்லை?"

"நல்லா இருக்குன்னு எல்லாத்துக்கும் சொல்லலாமே! பக்கத்து வீட்டுக்காரி புதுசா ஒரு சட்டை எடுத்துட்டு வந்து காட்டினா, கண்றாவியா இருந்தாலும் நல்லா இருக்கும்மான்னுதான் சொல்லுவேன். நிஜமாவே நல்லா இருந்தாத்தான் பரவாயில்லையேன்னு வாயில வரும்."

பெரியவள் உதவி வேண்டி என்னைப் பார்த்தாள். நான் இயன்றவரை விளக்கினேன். "தள்ளிவிடும்போது சொல்வது பரவாயில்லை. வியந்து சொல்வது பரவாயில்லையே. கடைசியில் ஓர் ஏகாரம் இருக்கிறது, அக்கா." அவளிடம் பேசப் பேச எனக்கும் எழுத்துத் தமிழே வந்துவிட்டிருந்தது.

"அது என்ன ஏகாரம்?" என்றார் தையலக்கா. "நான் அதெல்லாம் போட்டுப் பேசறதில்லையே!"

"இப்போகூடப் போட்டீங்க அக்கா."

அறையே சிரித்தது. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சுவரில் சாத்தியிருந்த பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எந்தப் பலகை எந்தக் குழந்தைக்கு அறுத்தது என்று அவளுக்குத் தெரியும். அப்படியே தரையில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இவை அனைத்தும் நல்லவை. அந்தக் குழந்தைகள் இத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள்."

சிரிப்பு அடங்கிவிட்டது. தையலக்கா அவள் பக்கத்தில் சிரமப்பட்டுக் கால் மடக்கி உட்கார்ந்தார்.

"இந்தா, அழாதே. பலகை எங்க ஓடிப் போச்சு? அங்கதானே இருக்கு. நீ போட்ட ஓட்டையும் போட்ட இடத்துல அப்படியே இருக்கு. மறுபடி பூட்டினா ஆச்சு. நான் உறை தைக்கறேன். நாளைக்கே அவங்க எல்லாருக்கும் போன் பண்ணி வரச் சொல்றேன். முதல்ல இவளை உட்கார வை. அவ அம்மாவுக்கு மடி வலிக்காதா?"

பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். உறை தைக்கப் பொறுமையின்றித் தையலக்கா நுரைப்பஞ்சின் மேல் ஒரு துண்டை விரித்துக் கொடுத்தார். தாயும் பெரியவளும் சேர்ந்து சிறுமியைத் தூக்கி இருக்கையில் அமர்த்தினார்கள். இடுப்பு பின்னோக்கிப் பொருந்தியது. பாதங்கள் கீழ்ப்பலகையில் ஊன்றின. கழுத்து அந்த வளைவில் சாய்ந்து, நேராக நின்றது. சிறுமி தாயை எதிரே பார்த்தாள். தாயும் மகளை அப்படிப் பார்த்தது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். அவர் தம் வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் நின்றிருந்தார்.

பெரியவள் சுவருக்குச் சென்று பலகைகளை எண்ணத் தொடங்கினாள். உதடு அசைந்தது. பிறகு என்னை நோக்கித் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழமைக்குள் இவற்றைப் பூட்டி முடிக்க இயலாது."

"முடியாதுதான் அக்கா" என்றேன். மேற்கொண்டு சொல்ல எனக்குத் துணிவு இல்லை.

"சின்னவளே," என்றாள் அவள், அம்மா கூப்பிடுகிற அதே இழுப்பில், "போன் போடுடி!"

நான் வாசலுக்கு ஓடினேன். ஒருங்கிணைப்பாளர் உடனே எடுத்தார்.

"ஐயா, தயவுசெய்து டிக்கெட்டை மாத்திடாதீங்க. அவங்க போகலை."

"அப்பாடா! ரொம்ப சந்தோஷம். ஆனா போறேன்னதுக்கும் இப்போ போகலைங்கறதுக்கும் காரணம் கேப்பாங்களேம்மா. என்னன்னு சொல்றது?"

"ஓர் ஏகாரம், ஐயா."

"என்னது? ஏதாவது வியாதியா?" அவர் பதறிவிட்டார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

நலமாக இருக்கிறாள் என்று அவரை நம்பவைக்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. அந்த நல்ல மனிதர் கடைசிவரை முழுதாக நம்பினாரா என்று தெரியவில்லை. மாலையில் அம்மாவுக்குப் போன் செய்து காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரித்தாராம்.

நான் உள்ளே திரும்பியபோது சிறுமியின் இருக்கையை மேசையோரம் தள்ளியிருந்தார்கள். மேசையின் உயரத்தில் இருந்த எதுவும் அதுவரை அவள் கைக்கு எட்டியதில்லை. மெதுவாக, மிக மெதுவாக, அவள் கையை நீட்டித் தையலக்காவின் அளவு நாடாவின் நுனியைப் பற்றிவிட்டாள்.

"குடுடி கண்ணு, எனக்கு வேலை கிடக்கு" என்றார் தையலக்கா.

சிறுமி நாடாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அவரையே பார்த்தாள். கொடுக்கும் எண்ணம் அவளுக்கு அறவே இல்லை.

தையலக்கா சற்று நேரம் கையை நீட்டியபடி நின்றார். பிறகு துணியை மேசைமேல் விரித்து, சாண் போட்டு அளக்க ஆரம்பித்தார்.