சீல் உடையாத பிரிண்டர்

“இந்தப் பிரிண்டரு உங்க கம்ப்யூட்டர்ல ஏறாதுங்கக்கா. பெட்டியத்தான் மாத்தோணும்” என்று சொல்லிவிட்டு, நான் போட்டுக் கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுப் போனான் கௌதமன். திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன். வந்தான், மவுஸை நாலு தட்டுத் தட்டினான், பெட்டி பழசு என்றான், வண்டியைக் கிளப்பிவிட்டான். பழசு என்று சொல்வதற்கு ஒரு ஆள் எதற்கு? அது எனக்கே தெரியும். என் மகள் கயல்விழி சின்ன வகுப்புப் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் அது. அவள் இப்போது கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறாள்.

பெட்டியை மாற்றுவது லேசான காரியம் என்றால் மாற்றியிருக்க மாட்டேனா? நான் ஆரி வேலை செய்கிறவள். சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையும் மணியும் கோத்துக் கல்யாணப் பெண்களின் ரவிக்கையில் பூ வேலை செய்வதுதான் என் தொழில். டிசைனை நானே கம்ப்யூட்டரில் வரைவேன். வரைகிற சாஃப்ட்வேர் அந்தப் பழைய பெட்டியில் மட்டும்தான் திறக்கும். ஏற்றிக் கொடுத்தவர் ஊரை விட்டே போய்விட்டார். பெட்டி போனால் என் டிசைன்கள் எல்லாம் அதோடு போய்விடும்.

வரைந்ததை அசல் அளவில் பிரிண்ட் எடுத்து, அதன் மேல் ட்ரேஸ் பேப்பர் வைத்து ஊசியால் குத்தித்தான் துணியில் இறக்க முடியும். இத்தனை காலமும் பென் டிரைவை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். கடைக்காரர் தேனாகப் பேசுவார். “குடுங்கக்கா, ரண்டு நிமிசம்” என்பார். அந்த இரண்டு நிமிடத்தில் என் டிசைன் அவர் கம்ப்யூட்டரில் குடியேறிவிடும் என்பது எனக்குத் தை மாதம்தான் தெரிந்தது. ஒரு பெண்ணுக்காகத் தென்னம்பாளை வைத்து ஒரு கழுத்து டிசைன் போட்டிருந்தேன். அவள் கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்பே அதே பாளை ராசிபுரத்தில் ஆரி வேலை செய்கிற ஒரு அம்மாவின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வந்துவிட்டது. இடது பக்கம் ஓர் இதழ் எனக்கு விட்டுப்போயிருந்தது. அதையும் விட்டுப்போனபடியே போட்டிருந்தார்கள். பெண்ணின் அம்மா வந்து, “எங்களுக்குன்னு போட்டதுன்னு சொன்னீங்களே” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

இப்போது வாழப்பாடி சண்முகப்பிரியாவின் கல்யாணம், வைகாசிக் கடைசி முகூர்த்தம். அவள் அம்மா வசந்தாமணி நேரிலேயே வந்திருந்தார். அவர்களுக்குப் பாக்குத் தோப்பு.

“சேலை கடையில வாங்குறதுதான், யாரு வேணா கட்டிக்கலாம். ரவிக்கை மட்டும் எம் பொண்ணுக்குன்னு இருக்கணும். செய்வீங்களா?” என்றார்.

“வேற ஒருத்தர் கண்ணுல படாதுங்க” என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

முதுகில் ஒரு பாக்குக் குலை தொங்குவது போலவும் கைகளில் பாக்கு மட்டை விரிவது போலவும் வரைந்தேன். நான் வரைந்ததிலேயே நல்லது அதுதான், இதில் தன்னடக்கம் எல்லாம் கிடையாது. இது ஒன்று வெளியே போனால் இனிமேல் வாழப்பாடியிலிருந்து மட்டுமல்ல, பக்கத்துத் தெருவிலிருந்துகூட யாரும் என்னிடம் வர மாட்டார்கள். அதனால்தான் பிரிண்டர் வாங்கினேன்.

பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தது என் வீட்டுக்காரர் அர்த்தநாரி. அவர் போர் போடுகிற ரிக் வண்டியில் ஆபரேட்டர். வடக்கே கோடை மழை பிடித்துக்கொண்டதால் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். பிரிண்டரை எடுத்து மேஜையில் வைத்து, மூலையில் சந்தனம் குங்குமம் வைத்து, மைத் தொட்டிகளில் சொட்டு சிந்தாமல் மை ஊற்றி, ஒயரையும் சொருகிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் ஆரஞ்சு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. “கம்ப்யூட்டரோட சேர்ந்தாத்தான் நிக்குமாட்ட இருக்குது” என்றார். கௌதமனும் அதையேதான் சொன்னான்.

அவன் போன பிறகு நான் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். பிரிண்டரோடு சிடி எதுவும் வரவில்லை. அதை ஏற்றுகிற சாஃப்ட்வேரை இன்டர்நெட்டில் போய் இறக்கிக்கொள்ளச் சொல்லி ஒரு சீட்டு மட்டும் இருந்தது. போனால் பக்கமே திறக்கவில்லை. இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. பிரிண்டர் கம்பெனிப் பக்கம்தான் அப்படி என்று பார்த்தால் கயல்விழியின் பேங்க் பக்கமும் அதே பாட்டுத்தான் பாடியது. ஊரில் உள்ள அத்தனை பேருமா திருடர்கள்?

கோபத்தில் அதை மூடிவிட்டு, பாக்குக் குலையாவது பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். புதிய வேலை மேலே வரும்படிதான் வைத்திருப்பேன். மேலே அதைக் காணோம். தேடிக்கொண்டே கீழே இறங்கினால், எல்லா டிசைனுக்கும் அடியில் கிடக்கிறது. பக்கத்தில் தேதி, 2010 ஜனவரி ஒன்று. அந்த வருஷம் இந்தக் கம்ப்யூட்டரே எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. அர்த்தநாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. ரிக் வண்டியில் எஞ்சினை நிறுத்தினால் பேட்டரி இணைப்பையும் சேர்த்துத் துண்டிப்பார்கள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை சும்மா இருக்காது. ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுவார். கம்ப்யூட்டருக்குள் நேரத்தைக் காப்பாற்றுகிற சின்ன பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் பழைய வருஷத்துக்கே போய்விடுகிறது. 2010-லேயே உட்கார்ந்திருக்கிற பெட்டி இன்றைய இன்டர்நெட்டை எப்படி நம்பும்?

தேதியைச் சரியாக வைத்தேன். பக்கம் திறந்தது. நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன்.

அங்கே அந்தச் சாஃப்ட்வேரிலேயே இரண்டு வகை வைத்திருந்தான். ஒன்றில் 32, இன்னொன்றில் 64. எங்கள் பக்கம் நூல் என்றால் அறுபதாம் நம்பரை விட எண்பது உசத்தி, எண்பதை விட நூறு உசத்தி. எண் ஏற ஏற நயம். எனக்கென்ன குறைச்சல் என்று 64-ஐ இறக்கினேன். அரைமணி நேரம் இறங்கிவிட்டு, உன் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது. கௌதமனாக இருந்தால் இந்த இடத்தில் கையைக் கழுவியிருப்பான். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து 32-ஐ இறக்கினேன். ஏறியது. நடுவில், நாங்கள் சொல்லும்வரை ஒயரைச் சொருகாதே என்று வந்தது. நம் வீட்டில்தான் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே சொருகியாகிவிட்டதே. பிடுங்கினேன். சொருகு என்றதும் பின்பக்கம் சொருகினேன். பச்சையில் ஒரு டிக் விழுந்து, பிரிண்டர் தயார் என்று வந்தது.

“என்னுங்க, ஏறிருச்சு” என்று கத்தினேன். அவர் தோட்டத்துப் பக்கமிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார்.

பாக்குக் குலையைத் திறந்து பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் ஒரு முறை ‘க்ர்ர்’ என்று முனகியது, நின்றது. ஆரஞ்சு விளக்கு அதே மாதிரி மினுக்கியது. மறுபடி கொடுத்தேன். மறுபடி முனகல். அணைத்துப் போட்டேன், பேப்பரை மாற்றி வைத்தேன், கெட்ட வார்த்தைகூட ஒன்று சொன்னேன். அது அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து வசந்தாமணி போன் செய்தார்.

“வேலை எந்த அளவுல இருக்கு? நாளைக்கு வந்து ஒரு பார்வை பாத்துட்டுப் போகட்டுமா?”

“வாங்க” என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? துணி இன்னும் சட்டத்தில் வெறுமனே கிடந்தது. இன்றைக்குக் கோடு இறங்கினால்தான் முகூர்த்தத்துக்குள் ஊசி வேலை முடியும். போனை வைத்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டேன். செருப்பை மாட்டினேன். பாளை போன வழியில் குலையும் போகட்டும்.

வாசலில் அர்த்தநாரி நின்றார்.

“கடைக்கா?”

“வேற வழி?”

“அவன் எடுத்து வச்சுக்குவானே, புள்ள.”

“வச்சுக்கட்டும். நான் என்னுங்க பண்ணட்டும்? உள்ள என்னமோ சிக்கிக் கெடக்குது. முனகுது, நிக்குது.”

“உள்ள சிக்கறதுக்கு என்ன இருக்குது? நாந்தானே பிரிச்சேன். சீலு கூட ஒடையாம அப்படியே இருக்குது.”

நான் செருப்போடு திரும்பினேன்.

“என்ன சீலு?”

“மேல் மூடியத் தூக்குனா உள்ளார ஆரஞ்சு டேப்பு ஒட்டிருப்பான், கம்பெனி சீலு. ஒரு பக்கம் உரிஞ்சுக்கிட்டு வந்துச்சு. நாந்தான் செல்லோ டேப்பு வச்சுக் கெட்டியா ஒட்டி உட்டேன்” என்றார், பாராட்டை எதிர்பார்க்கிற முகத்தோடு.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசத்தில் ஒரு தடவை இவர்கள் வண்டியின் டீசல் பம்பில் இருந்த ஈய சீலை எவனோ உடைத்துவிட்டான். பம்பு கெட்டபோது கம்பெனிக்காரர்கள் சீலைப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்கள். முதலாளி இவரைப் பேசாத பேச்சில்லை. அன்றிலிருந்து ஒட்டி வருகிற எதையும் இவர் உரிக்க விடமாட்டார். எங்கள் மிக்ஸியில் கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கைப்பிடியில் பிளாஸ்டிக் தாள் நைந்து தொங்குகிறது. இதெல்லாம் தெரிந்தும் எனக்குப் பிரிண்டர் விஷயத்தில் உறைக்கவில்லை பாருங்கள்.

உள்ளே ஓடினேன். மூடியைத் தூக்கினேன். மை தெளித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஓட வேண்டிய பாகத்தை லாரியில் வருகிறபோது ஆடாமல் இருக்கக் கம்பெனிக்காரன் ஆரஞ்சு டேப்பால் கட்டி அனுப்பியிருந்தான். அதன்மேல் என் வீட்டுக்காரர் மூன்று சுற்றுச் செல்லோ டேப் போட்டு இறுக்கியிருந்தார். பாவம், அது எப்படி ஓடும்?

“பிரிங்க இத” என்றேன்.

“வாரண்டி போயிருமே.”

“வாரண்டி போனாப் போகுது. வாழப்பாடிக்காரங்க நாளைக்கு வாராங்க.”

அவர் என்னைப் பார்த்தார், பிரிண்டரைப் பார்த்தார். பிறகு குனிந்து டேப்பின் நுனியை நகத்தால் நெம்பி, கட்டுப் பிரிக்கிற டாக்டர் மாதிரி மெதுவாக உரித்தார். அடியில் இன்னொரு டேப் இருந்தது. அதையும் உரித்தார். மூடியை நானே இறக்கினேன். ஸ்விட்சைப் போட்டதும் உள்ளே அந்தப் பாகம் விர்ரென்று ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்வந்தது. ஆரஞ்சு விளக்கு மினுக்குவதை நிறுத்தியது. பச்சை விளக்கு நின்று எரிந்தது.

பிரிண்ட் கொடுத்தேன். பேப்பர் உள்ளே போனது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். வெள்ளைத் தாளின் ஓரம் வெளியே வந்தது, பிறகு குலையின் காம்பு, பிறகு ஒவ்வொரு பாக்காக.

“தண்ணி வந்துருச்சு புள்ள” என்றார் அர்த்தநாரி.

காடு காடாகப் போர் போட்டு, முதல் தண்ணீர் பீய்ச்சுகிறபோது அவர்கள் சொல்கிற வார்த்தை அது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். தாளைப் பிடுங்கிக்கொண்டு இஞ்ச் டேப்பை வைத்தேன். திரையில் போட்டிருந்த அளவு, நூல் பிசகாமல் இருந்தது. மீதித் தாள்களையும் எடுத்து ஒட்டித் தரையில் விரித்தபோது ஒரு முழு முதுகும் இரண்டு கைகளும் என் வீட்டுக் கூடத்தில் கிடந்தன. வேறு ஒரு மனிதரும் பார்க்கவில்லை.

கௌதமனுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். டிசைனை அல்ல, பச்சை விளக்கை. “எப்படிங்கக்கா?” என்று கேட்டான். “டீ குடிக்காம வேல பாத்தேன்” என்று பதில் போட்டேன்.

மறுநாள் வசந்தாமணி வந்தபோது கோடு இறங்கி, முதல் பாக்கில் ஜரிகை ஏறிக்கொண்டிருந்தது. அவர் துணி மேல் கை படாமல் குலையை மேலிருந்து கீழ்வரை விரலால் ஒருமுறை தடவுவது போலக் காற்றில் தடவினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாழப்பாடி மண்டபத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தபோது, சண்முகப்பிரியாவின் முதுகில் என் பாக்குக் குலை விளக்கு வெளிச்சத்தில் ஆடியது. முன்வரிசைப் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டினார்கள். எனக்கு மேடையில் ஏறி நின்றுகொள்ளலாம் போல இருந்தது. அந்த நேரம் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஒரு பெண் போனைத் தடவியபடி என் பக்கம் சாய்ந்தாள். சேலத்தில் ஆரி வகுப்பு எடுக்கிறாளாம்.

“நீங்கதான் போட்டீங்கன்னு சொன்னாங்க. நானும் தேடித் தேடிப் பாக்குறேன், இந்த டிசைன் எந்த குரூப்லயும் வரலியே. எந்தக் கடையில பிரிண்ட் எடுத்தீங்க?”

“கடை எதுக்குங்க?” என்றேன். “எங்க ஊட்லதான் எடுத்தேன்.”

நாதஸ்வரத்தையும் மீறி மூன்று வரிசைக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்.