வெள்ளைப் படுக்கை விரிப்பு

எல்லைக்கு அந்தப் பக்கம் சீனாவிலிருந்து வரும் சுற்றுலாப் பேருந்துகள் ஹாங்காங்கின் 'தோ குவா வான்' பகுதியில் இருக்கும் பெரிய நகைக்கடை வாசலில் கூட்டத்தை இறக்கிவிடும். வழிகாட்டிகள் எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டு, ஏதாவது வாங்கினால்தான் வெளியே விடுவோம் என்கிற முகத்தோடு வாசலிலேயே நிற்பார்கள். எதிர்ச்சாரித் தேநீர்க்கடையில் உட்கார்ந்து அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள் சௌலிங். அந்தக் கூட்டத்தோடு தன்னைப் பார்க்க வந்திருக்கும் பெய்ரோங் எப்படி வெளியே வரப்போகிறாள் என்று கவலையாக இருந்தது. வராமலே போய்விட்டால் நல்லது என்ற நினைப்பும் கூடவே வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பு உண்டாயிற்று. முன்னால் இருந்த பால் தேநீரில் ஆடை கட்டிவிட்டது.

சௌலிங் 'நடுவழி'யின் துணை ஆசிரியர். அரசியலும் பொருளாதாரமும் எழுதும் சீன மொழி மாத இதழ். ஹாங்காங்கில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கொஞ்சம்தான். ஆனால் எல்லையைக் கடந்து போகிறவர்களின் பெட்டிகளில், மடித்த உள்ளாடைகளுக்கு நடுவே, அது வடக்கே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. போன இலையுதிர்காலத்தில் அப்படிப்பட்ட ஒரு சிறுநகரத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் லுவோ சிங்யான், மாவட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பெய்ரோங்கின் கணவர். இதழில் அவர் பெயர் 'ஆற்றுமணல்'. ஊரில் மூடிக் கிடக்கும் இரும்பாலை அரசாங்கக் கணக்கில் மட்டும் மாதாமாதம் உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போவதைப் பற்றி எழுதியிருந்தார். எண்களெல்லாம் சரியாக இருந்தன. எண்கள் மட்டும் இருந்திருந்தால் படிக்கிறவர்கள் பாதியிலேயே பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். நடுவே ஒரு வரி இருந்தது. புகைபோக்கி நின்ற அன்றைக்கு, பக்கத்து வீட்டம்மாள் காலையில் உலர்த்திய வெள்ளைப் படுக்கை விரிப்பு சாயங்காலமும் வெள்ளையாகவே இருந்தது.

இதழ் அச்சுக்குப் போகும் முன் லுவோ ஏதோ ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டார். அந்த விரிப்பு வரியை எடுத்துவிடுங்கள், என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தது, எழுதும்போது யோசிக்காமல் எழுதிவிட்டேன் என்றார்.

"பாக்குறேன்" என்றாள் சௌலிங்.

மெய்ப்பு திருத்தும்போது பென்சிலால் அடிக்கவும் செய்தாள். அடித்துவிட்டுப் படித்தால், மூச்சு நின்றதுபோல் கிடந்தது பத்தி. துணி உலர்த்தாத வீடு எந்த ஊரில் இருக்கிறது, இதை வைத்து யார் என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே ரப்பரை எடுத்துக் கோட்டை அழித்தாள். ஆசிரியர் குவோங் அந்த இடத்தைப் படித்துவிட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். அன்று முழுக்க அவள் சந்தோஷமாக இருந்தாள். இப்போது அந்தச் சந்தோஷத்தை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கடைசியில் பெய்ரோங் கழிப்பறைக்கென்று சொல்லிவிட்டு நகைக்கடையின் பின்வாசல் வழியாக வந்து சேர்ந்தாள். சௌலிங் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான பெண். ஆரம்பப் பள்ளியில் கணக்கு சொல்லித்தருகிறவள். பஞ்சு வைத்த மேல்கோட்டைக் கழற்றாமலே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சௌலிங் முட்டை டார்ட் என்கிற சின்ன இனிப்புப் பண்டம் ஒன்றை வாங்கி அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் தொடவில்லை.

நடந்ததை அவள் தணிந்த குரலில், வகுப்பில் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னாள். கட்டுரையின் நகல் எப்படியோ அவர்கள் ஊருக்கே வந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாள் அதைப் படித்துவிட்டு, என் விரிப்பு பத்திரிகையில் வந்திருக்கிறது என்று முற்றத்தில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஆலை நின்ற அன்று சாயங்காலம், கரி படியவேயில்லை பாருங்கள் என்று அவள் மாடத்திலிருந்து கூப்பிட்டுக் காட்டியது லுவோவிடம் மட்டும்தான். யாரையோ காட்டிக்கொடுக்கிறோம் என்று அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. எழுதியது யார் என்று தேடிக்கொண்டிருந்தவர்களின் காதுக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது. லுவோவை அலுவலகத்திலிருந்து எடுத்து, ஊருக்கு வெளியே உரக்கிடங்கில் காவலுக்குப் போட்டார்கள். அவ்வப்போது வரச்சொல்லி, யார் யாரைத் தெரியும் என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

"அந்தம்மா தெனம் கொழுக்கட்ட செஞ்சு கொண்டாந்து குடுத்துட்டு, வாசல்லயே நின்னு அழுவுறாங்க. அவங்களயும் நான்தான் தேத்த வேண்டியிருக்கு."

காலையிலிருந்து சௌலிங் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தாள். அவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "தப்பு என்னோடது. அவர் எடுக்கச் சொன்னார், நான்தான் எடுக்கல" என்றாள்.

"தெரியும். சொன்னாரு." பெய்ரோங் மேசைமேல் கிடந்த சர்க்கரைத் துகளை விரலால் ஓரமாகத் தள்ளினாள். "உங்க மேல அவருக்குக் கோவமில்ல. அவங்க எடத்துல நான் இருந்தாலும் அந்த வரிய எடுக்காம அப்படியே விட்டிருப்பேன்னு சொல்றாரு. நான் அப்படிச் சொல்லல."

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சௌலிங் அடுத்த இதழைப் பற்றிச் சொன்னாள். லுவோவின் உண்மைப் பெயரும் புகைப்படமுமாக ஒரு முழுப்பக்கம் தயாராகிவிட்டது. அதிலேயே ஆசிரியர் குழு வருத்தமும் தெரிவிக்கிறது. யாருக்கும் தெரியாத ஆளைத்தான் சுலபமாக இல்லாமலாக்க முடியும், நாலு நாட்டுக்காரனுக்குப் பெயர் தெரிந்தால் கைவைக்க யோசிப்பார்கள் என்பது குவோங்கின் வாதம். நேற்றுவரை சௌலிங்குக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெய்ரோங் குறுக்கே பேசாமல் கேட்டாள். "வருத்தப்படுறதக்கூட அச்சடிச்சுத்தான் வருத்தப்படுவீங்களா?" என்றாள். குரலில் கோபமில்லை, தெரியாததைக் கேட்கிறவள்போலக் கேட்டாள். "அவரு மேலதிகாரி கெட்டவரில்ல. கெடங்குல போட்டுட்டு, எல்லாரும் மறக்கட்டும்னு காத்திருக்காரு. நாங்களும் அதுக்குத்தான் காத்திருக்கோம். நீங்க ஞாபகப்படுத்தாதீங்க."

சௌலிங் வாயைத் திறந்தாள்.

"பாக்குறேன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் பெய்ரோங்.

சௌலிங் கைப்பேசியை எடுத்து அங்கேயே குவோங்கைக் கூப்பிட்டாள். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னாள். அவர் வெகுநேரம் வாதாடினார். பயத்தில் பேசுகிற குடும்பத்தின் பேச்சைக் கேட்டுத்தான் எத்தனையோ பேரைத் தொலைத்திருக்கிறோம் என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "நீங்க சொல்றது சரியா இருக்கலாம், குவோங் சார். ஆனா அவங்க என் முன்னாடி உக்காந்திருக்காங்க. பக்கம் வரக்கூடாது" என்றாள்.

மறுமுனையில் லைட்டர் பற்றும் சத்தம் கேட்டது. "சரி, எடுத்துடுறேன். நாளைக்கு அந்த மனுஷன் காணாமப் போனா, அதுக்கும் நீயே பதில் சொல்லிக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸ் பெய்ரோங்குக்குப் புரியாது. சௌலிங் கைப்பேசியை வைத்த விதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். நன்றி சொல்லவில்லை. முட்டை டார்ட்டைக் காகிதத்தில் சுற்றினாள். "பக்கத்து வீட்டம்மாவுக்கு. அவங்க இதெல்லாம் சாப்பிட்டதில்ல" என்று கோட்டுப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, சாலையைக் கடந்து போனாள்.

சௌலிங் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நகைக்கடையிலிருந்து கூட்டம் வந்துகொண்டிருந்தது. அடுத்துப் பார்க்கப் போகும் மலை உச்சியில் யாரும் தொலைந்துவிடக் கூடாதென்று வழிகாட்டி ஆளுக்கொரு சிவப்புத் தொப்பியைக் கொடுத்தாள். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். பஞ்சு வைத்த கோட்டுகள், ஒரே மாதிரி சிவப்புத் தலைகள். சௌலிங் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தலையைக் குனிந்து படியேறிய பெண்களில் யார் அவள் என்று தெரியவில்லை. இருந்தாலும் கையைத் தூக்கினாள். பேருந்து நகர்ந்தது. உள்ளிருந்து யாரோ ஜன்னல் கண்ணாடியில் படிந்த ஆவியை உள்ளங்கையால் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் முகம் தெரிவதற்குள் பேருந்து முனை திரும்பிவிட்டது.