இசக்கி கேட்ட பள்ளிக்கூடம்

1961 ஆடியில், சாரல் விழுந்துகொண்டிருந்த நாட்களில், இங்கிலாந்திலிருந்து பன்னிரண்டு கல்லூரி மாணவர்கள் குற்றாலத்துக்கு வந்தார்கள். அருவியில் குளிக்க அல்ல. இங்குள்ள ஏழைகள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளவும், ஒரு குடியிருப்புக்கு ஏதாவது உதவி செய்துவிட்டுப் போகவும் வந்திருந்தார்கள். தமிழ்ப் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்ல ஆள் தேவைப்பட்டபோது, தென்காசியில் எல்லாரும் மங்களேஸ்வரியைக் காட்டினார்கள். பி.ஏ. படிக்கிற பெண். அப்பா பால்வண்ணநாதன், குற்றாலம் சாலையில் ஓர் ஆரம்பப் பள்ளியின் தலைமையாசிரியர்.

மூன்றாம் நாள் லாட்ஜ்களில் பெருக்கும் இசக்கியின் குடிசைக்குப் போனார்கள். மார்கரெட் என்ற மாணவி நோட்டைத் திறந்துகொண்டு, மகள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டாள்.

"எம்மவ மாடத்தி ரெண்டு வருசம் போனா தாயீ" என்றாள் இசக்கி. "பால்வண்ணநாத வாத்தியாரு அவள வெளிய தாவாரத்துலதான் உக்கார வச்சாரு. ஒருநா தண்ணிப்பானையத் தொட்டுட்டான்னு பெரம்பால அடிச்சாரு. கை வீங்கிப்போச்சு. அதோட நின்னுட்டா."

யாருடைய மகளிடம் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மார்கரெட்டின் பேனா காத்திருந்தது. அப்பாவின் பெயர் அந்த நோட்டில் ஏறுவதை மங்களேஸ்வரியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அந்தப் பெண்ணுக்குப் படிப்பில் நாட்டமில்லையாம்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"இவ்வளவு நேரம் பேசினார்களே?"

"வீட்டுக் கஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னாள்."

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று மார்கரெட் அடுத்துக் கேட்டாள். இசக்கி யோசிக்கவே இல்லை. "எங்க தெருவுல ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள உள்ள உக்கார வச்சு சொல்லிக்குடுக்க ஒரு வாத்தியாரு. வேற ஒண்ணும் வேண்டாம்."

இதைச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடும். "மழைக்குப் போர்வை கேட்கிறாள்" என்றாள் மங்களேஸ்வரி.

மறுநாள் வீட்டுக்கு இரண்டு கம்பளிகள் கொடுத்தார்கள். இசக்கி கம்பளியையும் மங்களேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிப்போய் ஒரு வாரம் மங்களேஸ்வரிக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலையில் தனியாக பஸ் ஏறி இசக்கியிடம் போனாள்.

"நீ சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன், இசக்கி."

"தெரியும் தாயீ."

"எப்படி?"

"லாட்ஜுல பெருக்குதேன்லா. இங்கிலீசு தெரியாது, ஸ்கூலுங்கிற சொல்லு தெரியும். அந்தம்மா கேக்கும்போது சொல்லுச்சு. நான் கேட்டதுக்கு நீங்க அதச் சொல்லவேயில்ல."

குரலில் கோபம் இல்லை. "நீங்க வாத்தியாரு வீட்டுப் பொண்ணுன்னு பொறவுதான் சொன்னாக. முன்னமே தெரிஞ்சிருந்தா அவரு பேரச் சொல்லியிருக்க மாட்டேன். மனசுல வச்சுக்கிடாதிய" என்றாள்.

தன்னிடம் இவள் மன்னிப்புக் கேட்கிறாள் என்பது புரியவே மங்களேஸ்வரிக்கு ஒரு கணம் ஆயிற்று. நிற்க முடியாமல் திரும்பிவிட்டாள்.

வீட்டில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாள்.

"இதுக்கா அழுத? உள்ளதச் சொல்லிட்டு வர வேண்டியதான?" என்றார் அவர். "வெளியதான் உக்கார வச்சேன். அடிக்கவும் செஞ்சேன். அவள உள்ள விட்டா மத்த பிள்ளைகள எவன் அனுப்புவான்?" குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

அவருக்கு வெட்கமே இல்லாத ஒன்றை மறைக்கத்தான், வந்திருக்கக்கூடிய ஒரு பள்ளிக்கூடத்தைக் கெடுத்திருக்கிறாள்.

அன்றே மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதினாள். தான் சொன்ன பொய்களையும், அப்பாவின் பெயரையும் எழுதினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, அறிக்கை அச்சாகிவிட்டது, அடுத்த வருடம் குழு வேறு நாட்டுக்குப் போகிறது என்று இருந்தது.

மாடத்தி அதற்குள் தாயோடு லாட்ஜ் பெருக்கப் போகத் தொடங்கியிருந்தாள். குற்றாலம் போகும் நாட்களில் மங்களேஸ்வரி, அந்தக் குடியிருப்பு கண்ணில் படாத பக்கமாகப் பார்த்து பஸ்ஸில் உட்கார்ந்துகொள்வாள்.