மாடிக்குப் போகும் கம்பிகள்

விடியலுக்கு முந்திய கொஞ்ச நேரம்தான் சாயக் கொப்பரைகள் கை வைக்கிற சூட்டில் இருக்கும். மூடி போட்டு முறுக்கி, நீராவி ஏற்றி, அழுத்தத்தில் துணிக்கு நிறம் ஏற்றுகிற ஆளுயர இரும்புக் கொப்பரைகள். அடுத்த லாட்டுத் துணி ஏறுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஒயர்க்காரி ஒரு முழங்காலை நீராவிக் குழாய்க்கும் கொப்பரைக்கும் நடுவே செருகிக்கொண்டு, சென்சாரின் மரையில் வெள்ளை நாடாவைச் சுற்றி ஸ்பேனரால் இறுக்கினாள். சாய நெடியில் தொண்டை கமறியது. கழுத்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கை ஒழியவில்லை.

அவள் இந்த ஆலையின் ஆள் இல்லை. காண்ட்ராக்டர் அனுப்பி வந்தவள். ஆனால் அவள் நாத்தனார் இங்கேதான் கொப்பரையடியில் நிற்கிறாள். போன மாதம் கூட வேலை செய்த நெட்டை வெந்துபோனதை அவள் வீட்டுக்கு வந்து சொன்ன அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. அழுத்தம் காட்டுகிற பழைய வட்ட மானியில் முள் பூஜ்யத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று நம்பி நெட்டை மூடியைத் தளர்த்தினான். கொதிநீர் முகத்திலும் மார்பிலும் அடித்தது. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறான்.

அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு. கட்டைவிரல் பருமன் சென்சார். உள்ளே அழுத்தம் ஏற ஏற கம்பியில் மின்சாரத்தைத் துளித்துளியாகக் கூட்டும். அந்தக் கம்பியை மோட்டார்க் கம்பிகளோடு சேர்த்து இழுத்தால், அழுத்தம் காட்டும் எண் பேய் பிடித்தது போல் குதிக்கும். அதனால் தனிக்குழாய் போட்டு, சுவர் ஓரமாக வளைத்து, ஒவ்வொன்றையும் பதிவுப் பெட்டியில் அதனதன் இடத்தில் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். இனி கணத்துக்குக் கணம் அழுத்தம் அதில் பதிவாகும்.

பெட்டியோடு, கொப்பரைக்குப் பக்கத்திலேயே அழுத்தத்தை எண்ணாகக் காட்டும் எண்காட்டிகளும் கொப்பரைக்கு ஒன்றாக வந்திருந்தன. அவற்றை மேசையில் பரப்பியதும் ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் சட்டை நுனியால் ஒரு எண்காட்டியின் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். இதை முன்னாடியே வச்சிருந்தா நெட்டை இன்னிக்கு நம்மகூட நின்னிருப்பான் என்றார்.

விடிந்ததும் ஆலைக்கு வந்திருந்த முதலாளி மாடியிலிருந்து படியிறங்கி வந்தார். எண்காட்டிகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"இதெல்லாம் திரும்பப் போயிடும்மா. கம்பி மாடிக்கு, என் ரூமுக்கு வந்தாப் போதும்."

ஒயர்க்காரி வாயைத் திறப்பதற்குள் நாத்தனார் முன்னால் வந்தாள்.

"மூடியைத் திறக்கிறது நாங்க சார். நம்பரும் நாங்க நிக்கிற இடத்துல இருக்க வேண்டாமா?"

"நம்பரப் பாத்தா கையைக் கட்டிக்கிட்டு நிப்பீங்க. ஏறினா பயம், இறங்கலேன்னா காத்திருப்பு. லாட்டு எப்ப முடியறது? திறக்கலாம்னா மேலேருந்து சொல்லுவோம்."

"ராத்திரி ஷிப்டுல மேல யாரு இருக்கா?"

அவர் பதிவுப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "எல்லாம் பதிவாகும். யாரு அவசரப்பட்டுத் திறந்தாங்கன்னு இனி யாரும் என்கிட்ட வாதாட முடியாது" என்றார்.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நெட்டையின் அவசரம்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்து, ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து ஆலை ஏற்கெனவே கைகழுவிவிட்டது. அடுத்து வெந்துபோகிறவனுக்கு எதிரான சாட்சியையும் இப்போதே தயாராக வைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

ஒயர்க்காரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வெளியே போய்க் காண்ட்ராக்டருக்குப் போன் செய்தாள். உனக்கெதுக்கு ஊர் வம்பு, கம்பியை இழு, கையெழுத்தை வாங்கு, கிளம்பி வா என்றார் அவர். அடுத்த வேலை கிடைப்பதும் கிடைக்காததும் அவர் கையில். திரும்பி வந்து பெட்டி முன் நின்றாள். ஒரு திருகாணியை முடுக்கினாள், தளர்த்தினாள், மறுபடி முடுக்கினாள். இத்தனை பக்குவமாகத் தான் இழுத்த கம்பிகள் நாளைக்கு யாருக்குத் தூக்குக் கயிறாகுமோ.

நாத்தனார் அருகில் வந்து, "அண்ணி, உன் வேலைய நீ பாரு. இது எங்க பாடு" என்றாள். பிறகு கொப்பரை கொப்பரையாகப் போய்ப் பேசினாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றிவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார்கள். எண்காட்டி மாட்டாமல் நீராவி திறப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி பாய்லர்க்காரரைக் கூப்பிட்டனுப்பினார். அவர் யாரோடும் ஒட்டாதவர். முதலாளி கிழித்த கோட்டைத் தாண்டாதவர் என்று பெயர். மெயின் வால்வை நீயே திற என்றதும் அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தபடி நின்றார்.

"நெட்டையத் தூக்கிட்டு ஓடினது நான்தான் சார். அவன் தோலு என் கையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கடைசி ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வாசற்கதவைப் பூட்டும்படி காவலாளிக்கு உத்தரவு போட்டுவிட்டு முதலாளி மாடிக்குப் போனார். அடுத்த ஷிப்டு ஆட்கள் வந்து பூட்டிய கதவின் முன் நின்றார்கள். ஜன்னல் வழியாக நாத்தனார் நடந்ததைச் சொன்னாள். வெளியே கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. பிறகு சாப்பாட்டுத் தூக்குகளைத் தரையில் வைத்து அவர்களும் உட்கார்கிற சத்தம்.

ஒயர்க்காரியின் போன் அடித்தது. காண்ட்ராக்டர். வேலை முடிந்ததா என்று கேட்டார்.

"முடியல சார். எண்காட்டி மாட்டச் சொன்னா இன்னிக்கே முடிச்சிடலாம். அதுவரைக்கும் நாங்க உக்காந்திருக்கோம்."

"நாங்கன்னா? யாரு கூடச் சேந்துக்கிட்டுப் பேசுற நீ?"

"இங்க இருக்கிற எல்லாரும்தான்."

போன் துண்டிக்கப்பட்டது. வேலை இருக்கிறதா போய்விட்டதா, தெரியவில்லை. உட்கார்ந்திருக்கிறோம் என்று சொன்னவள் இன்னமும் நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் சிரித்துவிட்டாள், நகர்ந்து இடம் விட்டாள்.

கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல், உள்ளே எல்லாரும் இருக்கீங்களா என்று கேட்டது.

இருக்கோம் என்று உள்ளேயிருந்து பல தொண்டைகள் சேர்ந்து சொன்னபோது, கமறிப்போயிருந்த ஒயர்க்காரியின் தொண்டையும் அதில் இருந்தது.