ஒரு குப்பி எச்சில்

1

மானுட குலம் முழுவதும் ஒரே குருதிப் பெருக்கின் கிளைநதிகள்!

இப்படி எழுதியவர் பத்ரி. தில்லி துவாரகாவில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, இக்கதையின் ஆசிரியர். முந்தைய பிரதியில் இதே இடத்தில், ‘ஆயிரம் ஆண்டுகளாகக் கலப்பே காணாத ஐந்நூறு குடும்பம் எங்கள் பிரிவு’ என்று இருந்தது. வாசகர் மன்னிக்க. நடுவில் மகளின் மரபணுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

2

மகள் அபூர்வாவுக்கும் அர்விந்துக்கும் நிச்சயமாகியிருந்தது. அதே பிரிவு, வேறு கோத்திரம். கோத்திரம் வேறென்றால் ரத்தமும் வேறு என்பது பத்ரியின் விஞ்ஞானம். (கோத்திரம் அப்பாக்களைத்தான் எண்ணும். அம்மாக்கள் அதே ஐந்நூறு வீடுகளுக்குள் சுற்றிச் சுற்றி வந்தவர்கள்.)

“உறவே இல்லேங்கறீங்க சார். மரபணுவைப் பார்த்தா ரெண்டு பேரும் அத்தை பிள்ளை, மாமா பொண்ணு மாதிரி இருக்காங்க,” என்றார் பரிசோதனை செய்த டாக்டர் ஹம்சா. “நடுக்கடல் தீவுல இருக்கிறவங்க இப்படி இருப்பாங்க.”

“நாங்க துவாரகால இருக்கோம் மேடம். மெட்ரோவே வரது!”*

அர்விந்திடம் ஒரு ரத்த நோயின் குறை மறைந்திருக்கிறது. அபூர்வாவிடமும் அதுவே இருந்தால், பிறக்கும் குழந்தைக்கு நோய் வரலாம். அவள் பரிசோதனை முடிவு தெளிவாக இல்லை. பெற்றோரின் எச்சிலோடு ஒப்பிட வேண்டும். மனைவி வத்சலா அன்றே துப்பிக் கொடுத்தாள். பத்ரி கதை எழுத உட்கார்ந்தார்.

*மனிதருக்குள் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறதாம். ஆசிரியரின் கூட்டம் அதிலும் சிக்கனம்.

3

முடிவு அ: கல்யாணம் நின்றது. அபூர்வா கண்ணீரோடு ஜன்னலோரம்…

“என்ன எழுதறேள்? எனக்குத் தமிழ் படிக்க வராது, நீங்களே படிங்கோ,” என்றாள் அபூர்வா.

படித்தார்.

“நான் எதுக்குப்பா ஜன்னலோரம் அழணும்? எது வந்தாலும் நானும் அர்விந்தும் டாக்டர்கிட்ட பேசிக்கறோம். தெரியாம மட்டும் தேதி வைக்க மாட்டேன். பஸ், போறும்! ஜல்தி துப்புங்கோ.”

“அவ மூக்கு, முன்கோபம், சோடாபுட்டிக் கண்ணாடி, எல்லாம் என் பொறந்தாத்து வழின்னு சொல்லிண்டே இருந்தேளே,” என்றாள் வத்சலா. “இப்போ உங்காத்து வழியும் தெரியட்டுமே!”

முடிவு ஆ: பத்ரி மார்பை நிமிர்த்திக் குப்பியைக் கையில்…

(எடுக்கவில்லை.)

4

ஆகவே வாசகரே, முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறார் ஆசிரியர். இதை விமர்சகர்கள் துணிச்சலான உத்தி என்று சொல்லக்கூடும்.

எச்சில் கொடுப்பதற்கு அரைமணி முன்பிருந்து எதுவும் குடிக்கக் கூடாது.

ஆசிரியர் மறுபடியும் காபி குடித்துவிட்டார்.