முகம் தெரிந்த பிள்ளை

றோசாலிக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் ஆட்டோக்காரன் கிருபாகரன். அவன் சொன்ன விதம் இருக்கிறதே, அதற்கே அவனை நாலு சாத்து சாத்தலாம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இஞ்சினைக்கூட அணைக்காமல், "ஒங்க மகன் இருக்க நாட்டுல குண்டு வெடிச்சு நம்ம ஆமிக்காரன் ஒருத்தன் செத்துட்டானாம்க்கா. நம்ம ஊவாப் பக்கத்து ஆளாம்" என்று போட்டுவிட்டு, பசறைக்குப் போக ஆள் காத்திருக்கிறது என்று கிளம்பியும்விட்டான்.

ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாடு. அதன் பெயர் றோசாலியின் வாயில் ஒருநாளும் ஒழுங்காக நுழைந்ததில்லை. அங்கே சண்டைக்கு நடுவில் அகப்பட்ட சனங்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேர, பல நாடுகள் கூடிப் படை அனுப்பியிருந்தன. இலங்கையும் அனுப்பியது. அவள் மகன் றுஷாந்தன் அந்தப் படையில் சாரதி. தோட்டத்துப் பிள்ளை ஆமியில் சேர்ந்ததைப் பற்றி ஊர் என்னென்னவோ பேசியது. நீலத் தொப்பியோடு அவன் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகுதான் அந்த வாய்களெல்லாம் மூடின.

றோசாலி தலையில் மாட்டிய கொழுந்துக் கூடையை இறக்கக்கூடத் தோன்றாமல் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். "எம் புள்ள உசுரோட இருந்தா, இன்னைக்கே பால்சோறு ஆக்கி எல்லாருக்கும் கொடுக்கிறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டாள்.

மாதா அவளை அதிக நேரம் காக்கவைக்கவில்லை. போன் அடித்தது.

"அம்மா, நா நல்லா இருக்கேன்" என்றான் றுஷாந்தன். அதற்குமேல் அவனுக்குப் பேச வரவில்லை. விசும்பி விசும்பி அழுதான். பிழைத்த பிள்ளை பயத்தில் அழுகிறது என்று நினைத்தாள் அவள். "அழாதடா என் ராசா, அதான் ஒண்ணும் ஆகலயே" என்று அவளே தேற்றினாள். அவன் இன்னும் அதிகமாக அழுதான். பிறகு போனை வைத்துவிட்டான்.

றோசாலிக்குத் தலைகால் புரியவில்லை. புருஷன் தேவதாசனைத் தேங்காய் துருவ உட்கார்த்தினாள். நல்ல காரியத்துக்கு மட்டும் ஆக்குகிற பால்சோற்றை ஆக்கி, துண்டு போட்டு, லயம் முழுக்கக் கொடுத்தாள். மிச்சத்தில் நல்ல பெரிய துண்டுகளாகப் பார்த்துத் தட்டில் அடுக்கி, தோட்டத்துக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்கு நடந்தாள். அங்கேதான் சுமனாவதி இருந்தாள். அவள் மகன் இசுருவும் றுஷாந்தனும் ஒன்றாகவே ஆமியில் சேர்ந்தவர்கள், ஒன்றாகவே விமானம் ஏறியவர்கள். புறப்பட்ட அன்று சுமனாவதி இரண்டு பேர் கையிலும் பிக்கு ஓதிக் கொடுத்த பிரித் நூல் கட்டினாள். றோசாலி இரண்டு பேர் நெற்றியிலும் சிலுவை போட்டாள்.

செத்தது இசுருவாக இருக்கலாமே என்று அவளுக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காதீர்கள். அவள் கணக்கில் அந்த இரண்டு பேரும் ஒரே உருப்படி. தன் மகன் பிழைத்தால் அவனும் பிழைத்த மாதிரிதான். அவ்வளவுதான் அவள் யோசனை.

வளைவு திரும்பியபோது சுமனாவதி வீட்டு முன்னால் ஆமி ஜீப் நின்றது. வேலியோரமாகப் பையன்கள் சாவுக்கான வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

கால் நின்றுவிட்டது. வீட்டாருக்குச் சொல்லும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது என்று படையில் கட்டளை. அதனால்தான் செத்தவன் பெயரைச் சொல்லாமல் மகன் அழுதிருக்கிறான். அது இப்போது புரிந்து என்ன ஆக? சாவு வீட்டு வாசலில் பால்சோற்றுத் தட்டோடு நிற்கிறாள். திரும்பி ஓடிவிடலாம் என்று பார்த்தாள். அதற்குள் சுமனாவதி கண்டுவிட்டாள்.

சுமனாவதி எழுந்து வந்தாள். தட்டைப் பார்த்தாள். அதை வாங்கிப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"றுஷா நல்லா இருக்கானா, நங்கி?" என்றாள். எப்போதும் அவள் றோசாலியைத் தங்கை என்றுதான் கூப்பிடுவாள்.

றோசாலி தலையை மட்டும் அசைத்தாள்.

"நல்லது" என்று சொல்லி, அவள் தோளில் சாய்ந்து கதறினாள் சுமனாவதி. அன்று முழுக்க றோசாலி அந்த வீட்டைவிட்டு நகரவில்லை.

உடல் வந்தது, அடக்கமும் முடிந்தது. அதற்குள் வேறொரு செய்தி. அந்தப் படையில் இருந்த ஒரு பணக்கார நாடு, தன் ஆட்கள் சிலர் செத்ததும், போதும் என்று மூட்டையைக் கட்டிவிட்டதாம். இன்னொரு நாடும் யோசிக்கிறதாம். டீவியைப் பார்த்து தேவதாசன், "பயந்தாங்கொள்ளிப் பயலுக. பாதியில விட்டுட்டு ஓடுறானுக" என்றார்.

"குளவி கொட்டின மலைக்கு நீங்க போய்க் கொழுந்து எடுத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றாள் றோசாலி.

ஏழாம் நம்பர் மலையில் குளவி கொட்டி இராக்கம்மா செத்தபோது, கூட்டை அழிக்காமல் ஒருத்தியும் மலை ஏறக்கூடாது என்று கூடைகளை இறக்கிவைக்க வைத்தவள் இவள்தான். கங்காணி கத்தினார், துரை வந்து கத்தினார், இவள் அசையவில்லை. ஆள் செத்தால் வேலையை நிறுத்த வேண்டும். அவளுக்கு அதில் இரண்டாம் பேச்சே கிடையாது.

அதனால், "விரும்புறவங்க வீட்டுக்குப் போகலாம்னு பெரியவங்க சொல்றாங்கம்மா" என்று றுஷாந்தன் போனில் சொன்னபோது, அவள் வாயெடுப்பதற்குள் மனசு "வாடா" என்று கத்திவிட்டது. ஆனால் அவன் அடுத்ததையும் சொன்னான்.

"இசுருவோட வண்டிய இப்ப நாந்தான் ஓட்டுறேன். விட்டுட்டு வந்தா அவன விட்டுட்டு வர்ற மாதிரி இருக்கு. சுமனா அம்மேகிட்ட கேளுங்க. அவங்க வரச் சொன்னா வர்றேன். இல்லன்னா இருக்கேன்."

பெற்றவள் நான் இருக்கும்போது இவன் யாரிடம் உத்தரவு கேட்கிறான் என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணமே, நான் பெற்றது நல்ல பிள்ளைதான் என்று அழுகையும் வந்தது.

இசுருவுக்காகச் சுமனாவதி வீட்டில் பிக்குமாருக்குச் சாப்பாட்டுத் தானம் கொடுக்கிற நாளில் காய் நறுக்க அவள் போனாள். எப்படிக் கேட்பது? பிள்ளையைப் புதைத்தவளிடம் போய், என் பிள்ளையைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பது? அரிவாள்மணையில் பூசணியை வைத்துக்கொண்டு அதையே மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

தானம் முடிந்து பிக்குமார் போனதும், உறவுக்காரர் ஒருவர் ஆரம்பித்தார். "மத்த நாட்டுக்காரங்க கெட்டிக்காரங்க, போயிட்டாங்க. நம்ம புள்ளைகளையும் கூட்டிட்டு வந்துரணும். யாரோ ஊர் சண்டை, நமக்கென்ன?"

சுமனாவதி எழுந்தேவிட்டாள்.

"அப்ப எம் புள்ள எதுக்குப் போனான்?" என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எல்லாரும் வந்துட்டா அவன் சும்மா செத்தவனா ஆயிருவான். அந்த சனங்களுக்கு அரிசி போகணும். ஒருத்தரும் வரக்கூடாது. ஒருத்தரும்."

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தாள் றோசாலி. தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? சுமனாவதி சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. தன் நியாயமும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. றுஷாந்தன்தான். அன்று தானம் என்று அவனுக்கும் தெரியும். முகம் தெரிகிற அழைப்பு.

"அம்மேகிட்ட குடுங்கம்மா" என்றான்.

றோசாலி போனை நீட்டினாள். திரையில் கறுத்து மெலிந்து, தாடியோடு இருந்தான் பையன். சுமனாவதி போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"அம்மே" என்றான் அவன் சிங்களத்தில். "நா இங்கயே இருக்கவா? அவன் வேலைய நா முடிச்சுக் குடுக்கிறேன்."

சுமனாவதி அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கட்டைவிரலால் திரையில் அவன் கன்னத்தைத் தடவினாள்.

"சாப்பிட்டியா மகனே?"

"சாப்பிட்டேன் அம்மே."

"பொய் சொல்லாத. கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு." அவள் குரல் உடைந்தது. "வந்துரு."

"அம்மே, நீங்க..."

"நா இப்பத்தான் இங்க கத்துனேன், ஒருத்தரும் வரக்கூடாதுன்னு. அதெல்லாம் முகம் தெரியாத புள்ளைகளுக்குச் சொன்னது. ஒன் முகம் எனக்குத் தெரியுமேடா. நீ வந்துரு."

உறவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். றோசாலி கேட்க வந்தது கேட்காமலே கிடைத்துவிட்டது. ஓடிப்போய் அவள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. ஆனால் சுமனாவதி அவளைப் பார்க்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். றோசாலி அவளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"வர்றேம்மா" என்றான் மகன்.

"சரிடா" என்றாள் றோசாலி. சந்தோஷம்தான். ஆனாலும் பாழாய்ப்போன மனசு சும்மா இருக்கவில்லை. "நீ வந்துட்டா அந்த வண்டிய யாருடா ஓட்டுவா?"

"மொனராகலைப் பையன் ஒருத்தன் வர்றானாம்மா. புதுசு."

"பேரென்ன?"

"தெரியாதும்மா. இனித்தான் வருவான்."

சுமனாவதி தலையை நிமிர்த்தி, என்ன சொல்கிறான் என்று கண்ணாலேயே கேட்டாள். றோசாலி அவளுக்குச் சிங்களத்தில் சொன்னாள்.

"பேரைக் கேட்டுச் சொல்லச் சொல்லு, நங்கி" என்றாள் சுமனாவதி. "ஒரு படமும் அனுப்பச் சொல்லு."