யாரும் பார்க்காதபோது

நர்மதாவின் கணவனை வெட்டிக் கொன்றவன் அவனுடைய சொந்தத் தம்பி நந்தகுமார். ஆயுள் தண்டனை கிடைத்த பிறகு, விசாரணை நடந்தபோதே தனக்குப் புத்தி சரியில்லை என்று அப்பீல் செய்திருந்தான். வக்கீல் சொல்லிக்கொடுத்த நடிப்பு என்றே நர்மதா நினைத்தாள். அவனைப் பரிசோதிக்க உயர் நீதிமன்றம் அமைத்த மருத்துவக் குழு வீட்டாரையும் விசாரிக்கக் கூப்பிட்டதால், வெண்ணந்தூரிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போலீஸ் காவலோடு உட்கார்ந்திருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்க அண்ணி. அண்ணன் சாப்புட்டாருங்களா?"

"ஆருகிட்டடா நடிக்கிறே?" என்று சீறிவிட்டு நகர்ந்தாள். ஆனாலும் போய்விடவில்லை. ஆளில்லாதபோது வேஷம் கலைந்துவிடும் என்று ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

ஒரு காவலர் டீ வாங்கப் போனார். இன்னொருவர் போனில் மூழ்கியிருந்தார். நந்தகுமார் கையிலிருந்த பன்னைப் பிட்டு, பாதியைப் பக்கத்துக் காலி நாற்காலியில் வைத்தான். "தின்னுங்கண்ணா" என்று முணுமுணுத்துக்கொண்டே, அதில் ஈ உட்காராமல் விரட்டினான்.

நர்மதா உள்ளே போனதும் டாக்டர் கேட்டார். "அவர் நடிக்கிறார்னு நினைக்கிறீங்களாம்மா?"

"இன்னமும் அப்படித்தானுங்க தோணுது. ஆனா ஆரும் பார்க்காதப்ப அவன் செஞ்சதை நான் பார்த்தனுங்க. அதையும் எழுதிக்குங்க" என்று சொல்லி, பன்னைப் பற்றி மறைக்காமல் சொன்னாள்.

விசாரணையின்போதே அவனுக்குப் புத்தி சரியில்லை என்று குழு அறிக்கை கொடுக்க, சில மாதங்களில் தண்டனை ரத்தானது. சிகிச்சை கொடுத்துக் குணமான பின் வழக்கைப் புதிதாக விசாரிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. மறுபடி சாட்சி சொல்லப் போகும்போது அவன் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கக் கூடாது என்று நர்மதா முடிவு செய்துகொண்டாள்.